ஒரு பிக்சல் இடைவெளி

1996-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வெர்டானா எழுத்துருவை மேத்யூ கார்ட்டர் வடிவமைத்த முறை வழக்கத்துக்கு நேர்மாறானது. வழக்கமாக எழுத்தின் வளைவுகளை முதலில் வரைவார்கள். திரைக்கு ஏற்ப அதைச் சரிசெய்வது பிறகுதான். கார்ட்டரோ முதலில் பிக்சல்களைக் கட்டம் கட்டமாக நிரப்பி, சின்ன அளவில் எது தெளிவாகப் படிக்க வருகிறது என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் அந்தக் கட்டங்களை ஒட்டி வளைகோடுகளைப் போட்டார். மோனோடைப் நிறுவனத்தின் டாம் ரிக்னர், அந்தக் கோடுகள் திரையில் மறுபடியும் அதே பிக்சல்களில் வந்து விழும்படி எழுத்துருவுக்குள் கட்டளைகளை எழுதிச் சேர்த்தார். இந்த வேலைக்குத்தான் ஹின்டிங் என்று பெயர்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். ட்ரூடைப் எழுத்துருக்களில் எழுத்தை வரையும் சதுரம் பெரும்பாலும் பக்கத்துக்கு 2048 அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் அடிப்படையாக வைத்திருக்கும் அங்குலத்துக்கு 96 பிக்சல் அடர்த்தியில், 12 பாயின்ட் எழுத்துக்குக் கிடைப்பது 16 பிக்சல். அதாவது ஒரு பிக்சலுக்கு 128 அலகு. ஆங்கிலச் சின்ன ‘எம்’ எழுத்தின் மூன்று கால்களும் 192 அலகு தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி ஒன்றரை பிக்சல். கறுப்பு வெள்ளையாக மட்டுமே எழுத்தைக் காட்டிய அந்தக் காலத்துத் திரைகளில் அரைப் பிக்சல் என்ற ஒன்று கிடையாது. அதனால் கட்டத்தில் விழுகிற இடத்தைப் பொறுத்து ஒரு கால் ஒரு பிக்சலாக மெலியும், பக்கத்துக் கால் இரண்டு பிக்சலாகத் தடிக்கும். ஒரே அளவில் வரைந்த கால்கள் நொண்டியடிக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படி எழுத்துகள் நின்றால் படிக்கிறவர் கண் களைத்துப்போகும்.

ஆப்பிளில் சாம்போ காசிலா உருவாக்கிய ட்ரூடைப் இதற்கு ஒரு துணிச்சலான வழியைக் கொண்டுவந்தது. 1991-ல் மேக்கிலும் 1992-ல் விண்டோஸ் 3.1-லும் அது அறிமுகமானது. எழுத்துருக் கோப்புக்குள்ளேயே ஒரு குட்டி நிரல்மொழியை வைத்தார்கள். ‘இந்த மூன்று கால்களும் ஒரே தடிமனில் இருக்கட்டும்’, ‘இந்த இடைவெளி ஒரு பிக்சலுக்குக் கீழே போகவே கூடாது’, ‘13 பிக்சல் அளவில் மட்டும் இந்த முனையைச் சற்று மேலே தூக்கு’ என்றெல்லாம் அதில் எழுதலாம். ஒவ்வொரு எழுத்துக்கும், தேவைப்பட்டால் ஒவ்வொரு அளவுக்கும் தனியாக எழுதலாம். மிகுந்த பொறுமை கேட்கும் வேலை. உலகத்தில் மிகச் சிலரே அதில் தேர்ந்திருந்தார்கள்.

அந்த வேலையில் பாதியை ஒரே அடியில் தேவையற்றதாக்கியது மைக்ரோசாஃப்டின் கிளியர்டைப் தொழில்நுட்பம். 1998 நவம்பரில் பில் கேட்ஸ் அதை அறிவித்தார். எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால் கிடைமட்டத்தில் நுணுக்கம் மூன்று மடங்காகும். எம் எழுத்தின் கால்கள் இனிமேல் முழுப் பிக்சலில்தான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே இடமிருந்து வலமாகப் போகும் கட்டளைகளில் பெரும்பாலானவற்றைக் கிளியர்டைப் புறக்கணித்தது. லினக்ஸ் முதலான இடங்களில் எழுத்தை வரையும் ஃப்ரீடைப் நிரலும் 2016-ல் அதே வழிக்கு வந்தது.

ஆனால் பட்டைகள் பக்கவாட்டில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து கீழாகப் பார்த்தால் பிக்சல் பழைய பிக்சல்தான். அந்தத் திசைக் கட்டளைகளுக்கு விண்டோஸ் இன்றும் கட்டுப்படுகிறது.

ஆப்பிள் வேறு பாதையில் போனது. மேக் ஓஎஸ் எக்ஸில் எழுத்துருவுக்குள் இருக்கும் கட்டளைகளை அது கண்டுகொள்வதில்லை. வடிவமைப்பாளர் வரைந்த வடிவத்தை அப்படியே காட்டுவது, ஓரங்கள் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்பது அதன் நிலைப்பாடு. 2010-ல் ஐஃபோன் 4 அங்குலத்துக்கு 326 பிக்சல் திரையோடு வந்தபோது அந்த மங்கலும் மறைந்துவிட்டது. ‘ஹின்டிங் செத்துவிட்டது’ என்ற பேச்சு வடிவமைப்பாளர்களிடையே வலுத்ததற்கு இதுவே காரணம். அவர்களில் நிறையப் பேர் மேக்கில் வேலை செய்கிறவர்கள். தங்கள் எழுத்து விண்டோஸில் எப்படி நிற்கிறது என்பதை அவர்கள் தினமும் பார்ப்பதில்லை.

ஆனால் உலகத்து மேசைகளில் எல்லாம் அவ்வளவு அடர்த்தியான திரை இல்லை. 24 அங்குல 1080பி மானிட்டரில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 15.6 அங்குலத்தில் 1366க்கு 768 என்று விற்கும் மலிவு மடிக்கணினியில் சுமார் 100. ஐஃபோன் 4-இன் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவரும் பள்ளி ஆய்வகத்தில் பாடம் படிக்கிற பிள்ளையும் இப்படிப்பட்ட திரைகளைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத எந்த முடிவும் அரைகுறையானது.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். ‘க்’ என்ற எழுத்தை அதே 16 பிக்சலில் வைத்துப் பாருங்கள். மேலே ஒரு படுக்கைக் கோடு, அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி, அதற்கும் மேலே புள்ளி. அந்த இடைவெளி 90 அலகு என்றால் முக்கால் பிக்சல்கூடத் தேறாது. கட்டளை எதுவும் இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: இடைவெளி காணாமல் போய்ப் புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது மூன்றும் சேர்ந்து சாம்பல் பூச்சாகிவிடும். செங்குத்துக் கட்டளை இருந்தால் கோடு ஒரு பிக்சல் வரிசையில் முழுதாக உட்காரும், இடைவெளிக்கு ஒரு வெள்ளை வரிசை உறுதியாகும், புள்ளிக்குக் குறைந்தது ஒரு பிக்சல் கிடைக்கும். மேலே படுக்கைக் கோடு கொண்ட மற்ற மெய்யெழுத்துகளுக்கும் இதே கதை. ‘கி’ எது, ‘கீ’ எது என்று காட்டும் மேல்சுழியும் இதே நெருக்கடியில்தான் இருக்கிறது. புள்ளி போனால் ஆங்கிலத்து ‘எம்’ போல அழகு மட்டும் கெடுவதில்லை, சொல்லே மாறிவிடுகிறது. பெரும்பாலும் வாசகர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் நிறைந்த ஒரு பட்டியலில் அந்த ஊகத்துக்கு வழியில்லை.

பழைய நாட்களைப் போல ஒவ்வொரு எழுத்துக்கும் கையால் நிரல் எழுதத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. வெர்னர் லெம்பெர்க் உருவாக்கிய டிடிஎஃப்ஆட்டோஹின்ட் என்ற இலவசக் கருவி, எழுத்தின் படுக்கைக் கோடுகளைத் தானே கண்டுபிடித்துச் செங்குத்துத் திசையில் மட்டும் கட்டளைகளைச் சேர்த்துவிடும். அதற்குத் தமிழும் தெரியும். கருவியின் வேலை முடிந்த பிறகு, சாதாரண விண்டோஸ் திரையில் 12 முதல் 18 பிக்சல் வரை மெய்யெழுத்துகளை வரிசையாக வைத்து ஒரு மனிதக் கண் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆகும் நேரம், ஒரு எழுத்துருவை வரைய ஆகும் மாதங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

2016-ல் அறிமுகமான வேரியபிள் எழுத்துருக்கள் மட்டும் விஷயத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கியிருக்கின்றன. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை எல்லா எடைகளும் ஒரே கோப்பில் இருப்பதால், கோடுகளின் தடிமன் தொடர்ந்து மாறிக்கொண்டே போகும்; கட்டளைகளுக்குள் இருக்கும் அளவுகளும் கூடவே மாற வேண்டும். அதற்கான ஏற்பாடு எழுத்துருத் தரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பலர் ஹின்டிங் இல்லாமலே இவற்றை வெளியிடுகிறார்கள். தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் அது போதும். செய்தித்தளத்தின் உடல் எழுத்துக்கும் அரசுப் படிவத்துக்கும் அது போதாது.

நோட்டோ எழுத்துருத் திட்டம் தன் எழுத்துருக்களை ஹின்டிங் உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாகவும் இலவசமாகத் தருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழும் அப்படிக் கிடைக்கிறது. விண்டோஸில் நிறுவுகிறவர்கள் ஹின்டிங் உள்ள கோப்பை எடுத்துக்கொள்வது நல்லது. மேக்கில் இரண்டில் எதை நிறுவினாலும் திரையில் வித்தியாசம் தெரியாது.