நிலம் தாழ்ந்த தீவில் எழும் துறைமுகம்

புது தில்லி: நாட்டின் தென்கோடி எது என்ற கேள்விக்குக் கன்னியாகுமரி என்ற விடையையே பலரும் சொல்வர். ஆனால் அது இந்தியப் பெருநிலத்தின் முனை மட்டுமே. நாட்டின் தென்கோடி கிரேட் நிகோபார் தீவில் உள்ள இந்திரா முனையாகும். அங்கு 1972-ல் இயங்கத் தொடங்கிய கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. கரையில் எழுப்பப்பட்ட அக்கோபுரத்தின் அடிப்பகுதி, 2004 டிசம்பர் 26 முதல் கடல்நீரில் நிற்கிறது. அலை வடிந்த பிறகும் நீர் அங்கிருந்து அகலவில்லை. காரணம், அன்று காலை சில நிமிடங்களுக்குள் அந்த முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

அந்தக் கோபுரத்துக்கு அருகில், அதே தீவின் தென்கரையில் உள்ள கலாத்தியா விரிகுடாவில்தான் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்க மத்திய அரசு முடிவு செய்தது. விமான நிலையம், மின் நிலையம், புதிய நகரியம் ஆகியவற்றையும் உள்ளடக்கிய இத்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு ரூ. 72,000 கோடி. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகத் திருப்பிவிடப்படுகிறது. ஈடாக மரம் வளர்ப்பதற்கு அரசு காட்டிய இடங்களில் ஹரியாணாவும் ஒன்று. வெப்பமண்டல மழைக்காட்டுக்கு ஆரவல்லியின் வறண்ட அடிவாரம் ஈடாகுமா என்று தாவரவியலாளர்கள் கேட்டனர்.

காடு, தோல்முதுகு ஆமைகள், ஷோம்பென் பழங்குடியினர் என இத்திட்டம் பற்றிய விவாதம் பல முனைகளில் நடந்து வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சோனியா காந்தி இதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் பதிலெழுதினார். இந்த வாதப் பிரதிவாதங்களில் மிகக் குறைவாகவே பேசப்படுவது, துறைமுகத்தைத் தாங்கப்போகும் நிலத்தின் இயல்பு.

வளைந்த மூங்கில்

பூமியின் மேலோடு ஒரே ஓடு அன்று. பல தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்ஃபிரட் வெக்னர் 1912-ல் கூறியபோது புவியியலாளர் பலர் நகைத்தனர். எது நகர்த்துகிறது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. 1960-களில் கடலடித் தரை ஆராயப்பட்ட பின்னரே விடை கிடைத்தது. நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய தரை பிறக்கிறது. ஆழ்கடல் அகழிகளில் பழைய தரை பூமிக்குள் அமிழ்ந்து அழிகிறது. இடைப்பட்ட தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கின்றன.

இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டுகிறது. அதன் விளைவு இமயம். கிழக்கே வங்கக் கடலுக்கு அடியில் அது பர்மா தட்டு எனப்படும் சிறிய தட்டின் கீழே சரிவாக நுழைகிறது. அந்தமான், நிகோபார் தீவுகள் இந்த மேல்தட்டின் விளிம்பில் அமைந்தவை. அடியில் செல்லும் தட்டிலிருந்து சீவப்பட்ட கடலடி மண்ணும் பாறையும் குவிந்து மடிந்து, நீருக்கு மேலே தலைகாட்டிய முகடுகளே இத்தீவுகளின் பெரும்பகுதி. ஆக, இத்தீவுகளை ஆக்கிய விசையும் 2004-ல் அவற்றைக் குலைத்த விசையும் ஒன்றே.

கீழ்த்தட்டு வழுக்கிச் சென்றால் தொல்லை இல்லை. ஆனால் இரண்டும் உரசும் பரப்பு நூற்றாண்டுக் கணக்கில் பூட்டிக்கொள்கிறது. கீழ்த்தட்டு நகர நகர, மேல்தட்டின் விளிம்பையும் தன்னோடு கீழே இழுக்கிறது. வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போல விளிம்பு தாழ, அதற்குப் பின்னால் உள்ள பகுதி மெல்லப் புடைத்து உயர்கிறது. ஒருநாள் பூட்டு அறுகிறது. தாழ்ந்த விளிம்பு துள்ளி எழுகிறது. புடைத்திருந்த பின்பகுதி தொய்ந்து இறங்குகிறது. விளிம்பு எழும்போது அதன் மேலிருந்த கடலும் எழுவதே ஆழிப்பேரலை.

2004-ல் இது பாடநூல் படம்போல் நடந்தது. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு வட சுமத்ரா அருகே தொடங்கிய பிளவு, பத்து நிமிடங்களுக்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் வடக்கே ஓடி அந்தமானைத் தாண்டி நின்றது. வட அந்தமானின் மேற்குக் கரையும் இன்டர்வியூ தீவும் அகழிக்குப் பக்கமாக இருந்ததால் ஒரு மீட்டருக்கும் மேலாக உயர்ந்தன. பவளப் பாறைகள் நீரைவிட்டு வெளியே வந்து வெயிலில் காய்ந்து வெளுத்தன. அகழியிலிருந்து தள்ளி இருந்த போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்பெற்றுள்ள அந்நகரில், முன்பு வயலாக இருந்த இடங்களுக்குள் கடல்நீர் வந்து தங்கியது.

நிகோபார் தீவுகளின் நிலை இன்னும் மோசம். எழும் பகுதியையும் தாழும் பகுதியையும் பிரிக்கும் கோடு அங்கே தீவுகளுக்கு மேற்கே, கடலுக்குள் ஓடுகிறது. எனவே அத்தீவுக் கூட்டம் முழுவதும் தாழும் பக்கத்தில் சிக்கியது. டிரிங்கட் தீவு துண்டுபட்டது. கார் நிகோபார் விமானப்படைத் தளம் சிதைந்தது. கலாத்தியா கடற்கரையில் ஆமை ஆய்வுக்காக முகாமிட்டிருந்தவர்களும் இந்திரா முனைக் கலங்கரை விளக்க ஊழியர்களும் உயிரிழந்தனர். அதே அலை இரண்டு மணி நேரத்துக்குப் பின் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கியதில் தமிழகம் இழந்த உயிர்கள் சுமார் 8,000.

தீவை வளர்க்கும் தீ

இதே தட்டு அமிழ்வின் மற்றொரு முகம் பாரன் தீவு. ஸ்ரீ விஜயபுரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டரில், மனிதர் வசிக்காத இத்தீவில் உள்ளது இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. நீருக்கு மேலே தெரிவது சுமார் 350 மீட்டர்தான். கடலடியில் இருந்து அளந்தால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட உயரமுள்ள மலையின் உச்சி அது.

உள்ளே நுழையும் தட்டு, கடல்நீர் ஊறிய கனிமங்களையும் சுமந்து செல்கிறது. சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் கலந்ததும் மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலை குறைந்துவிடுகிறது. உப்பிட்டால் பனிக்கட்டி விரைவில் உருகுவதைப் போல. உருகிய குழம்பு இலேசானது; மேலேறி வந்து வெளிப்படுகிறது. சுமத்ரா, ஜாவா எரிமலைகளைப் பிறப்பித்ததும் இதுவே. அந்த வளைவின் வடக்குத் தொடர்ச்சிதான் பாரனும், அதற்கு வடக்கே உறங்கிக் கிடக்கும் நார்கொண்டமும். நார்கொண்டம் இருவாட்சி என்ற பறவை உலகில் அச்சிறு தீவைத் தவிர வேறெங்கும் இல்லை.

1787-ல் பாரன் புகைந்ததை ஆங்கிலேயக் கப்பலோட்டிகள் பதிவு செய்தனர். 1832-க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அமைதி. செத்த எரிமலை என்று பலர் எண்ணியிருக்க, 1991-ல் வெடித்தது. 1994-95-ல் மீண்டும். ஆழிப்பேரலைக்கு ஐந்து மாதங்களுக்குப் பின், 2005 மே மாதத்தில் புதிய வெடிப்புக் காலம் தொடங்கியது. நிலநடுக்கம்தான் எரிமலையைத் தட்டி எழுப்பியதா என்பதில் அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 2017 ஜனவரியில் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள், கப்பலில் சென்றபோது சாம்பலும் தீக்குழம்பும் வெளிப்படுவதை நேரில் கண்டனர். 2025 செப்டம்பரிலும் அது கனன்றது. குழம்பு கடலில் இறங்கி உறையும்போது கரையைச் சிறிது நீட்டிவிடுகிறது. நிலப்பரப்பு வளர்வதை நேரில் காணக்கூடிய இடம் இந்தியாவில் இது ஒன்றுதான் எனலாம்.

ஆளில்லாத் தீவில் எரிமலை வெடித்தால் விமானங்கள் வழி மாறிச் செல்லும், அதோடு முடிந்தது. ஆளில்லாத் தீவில் நிலம் தாழ்ந்தாலும் பெரிய இழப்பில்லை. பல்லாயிரம் கோடி ரூபாய்க் கட்டுமானமும் மக்கள் கூட்டமும் வந்து சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

அதிர்வும் தாழ்வும்

திட்டத்தை ஆதரிப்போர் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. மலாக்கா நீரிணைக்குச் செல்லும் பன்னாட்டுக் கப்பல் தடம் கிரேட் நிகோபாரிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில் உள்ளது. இந்தியச் சரக்குப் பெட்டகங்களில் கணிசமானவை கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் துறைமுகங்களில் மாற்றி ஏற்றப்பட்டு அந்நியச் செலாவணி வெளியே போகிறது. சீனக் கடற்படையின் நடமாட்டம் பற்றிய பாதுகாப்பு அமைச்சகத்தின் கவலையும் மெய்யானது. நிலநடுக்க அபாயம் பற்றிக் கேட்டால், கட்டட விதிமுறைகளின்படி உறுதியாகக் கட்டப்படும் என்கிறது அரசுத் தரப்பு. ஜப்பானில் துறைமுகங்கள் இல்லையா என்ற கேள்வியும் எழுப்பப்படுகிறது.

ஜப்பான் எடுத்துக்காட்டையே பார்க்கலாம். 2011 மார்ச்சில் நேர்ந்த 9 அளவு நிலநடுக்கத்தில் அங்கு ஓஷிகா தீபகற்பம் ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. அதிர்வைத் தாங்கி நின்ற துறைமேடைகளும் ஓதம் ஏறும்போதெல்லாம் நீரில் மூழ்கின. இஷினோமாகி போன்ற ஊர்களில் துறைமுகத்தையும் சாலையையும் மண்ணிட்டு உயர்த்தவேண்டி வந்தது. பெரும் செல்வமும் பொறியியல் திறனும் உள்ள நாட்டிலேயே, ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்வைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. இந்திரா முனை தாழ்ந்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-ல் வெளியிட்ட நிலநடுக்க வரைபடம் அந்தமான் நிகோபாரை மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் வைத்தது. அத்தகைய விதிகள் முதன்மையாகக் கணக்கில் கொள்வது அதிர்வை. தூண் எவ்வளவு தடிமன், கம்பி எவ்வளவு என்பதற்கு அவற்றில் விடை உண்டு. தரையே நான்கு மீட்டர் இறங்கினால் கப்பல் மேடை எந்த மட்டத்தில் இருக்கவேண்டும் என்பதற்குக் கூடுதல் கம்பி விடையாகாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த பூட்டு இறுகும் காலத்தில் தாழ்ந்த நிலம் மெல்ல மீண்டும் உயரும். துறைமுகத்தின் ஆழமும் மேடையின் உயரமும் அளவிடப்படும் தரைமட்டமே நிலையானது அன்று.

திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, 2004-ஐப் போன்ற 9.2 அளவுப் பேரதிர்வு 420 முதல் 750 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழும் என்று ஆறுதல் கூறுகிறது. அதே ஆவணம், 7.5-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களுக்குத் தரும் இடைவெளி 80 முதல் 120 ஆண்டுகள். பல பத்தாண்டுகள் உழைக்கவேண்டிய துறைமுகத்துக்கு இந்த இரண்டாவது எண்ணே முக்கியமானது. 1881 டிசம்பர் 31-ல் கார் நிகோபார் அருகே நேர்ந்த 7.9 அளவு நிலநடுக்கத்தின் அலை, நாகப்பட்டினம் ஓதமானியில் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமாகப் பதிவானது. 1941 ஜூனில் அந்தமானில் 7.7. சராசரி இடைவெளி என்பது பஞ்சாங்கம் அன்று. தட்டுகள் தவணை பார்த்து வருவதில்லை.

எதிர்பாராத திசையிலிருந்தும் அதிர்வு வரக்கூடும் என்பதை 2012 ஏப்ரல் 11 காட்டியது. அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நேர்ந்தது, தட்டுகளின் எல்லையில் அன்று. இந்தியத் தட்டின் உள்ளேயே. பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரும் அலை எழவில்லை. ஹைதராபாதில் 2007-ல் தொடங்கப்பட்ட ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அன்று எச்சரிக்கை விடுத்துப் பின் விலக்கிக்கொண்டது. சென்னைக்கும் நாகைக்கும் அம்மையம் பெரும் காப்பு. பிளவின் மீதே அமர்ந்திருக்கும் நிகோபாருக்கு அது தரக்கூடிய அவகாசம் சில நிமிடங்களே.

2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டப் பணிகளை இரு மாதம் நிறுத்திவைத்து, அனுமதியை மறுஆய்வு செய்ய உயர்நிலைக் குழு அமைத்தது. குழுவுக்குத் தலைமை சுற்றுச்சூழல் அமைச்சகச் செயலர். அனுமதி கொடுத்ததும் அதே அமைச்சகம்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

2004-க்கு முன்பு தீவின் தென்கரையிலும் மேற்குக் கரையிலும் வாழ்ந்த நிகோபாரிகள், உயிர் பிழைத்தபின் கேம்பல் விரிகுடா அருகே அரசு அமைத்த குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். பழைய ஊர்களுக்குத் திரும்பவேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வந்துள்ளனர். அந்த ஊர்களின் நிலமும் திட்ட வரைபடத்துக்குள் வருகிறது என்பதை அறிந்ததும், தாங்கள் முன்பு அளித்த இசைவுக் கடிதத்தை லிட்டில் மற்றும் கிரேட் நிகோபார் பழங்குடியினர் மன்றம் 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டதும் அதே மாதத்தில்தான்.