நனைந்த தாளும் நகராத பலகையும்

பலகையில் ஒட்டும் படம் பெரும்பாலும் கெடுவது தண்ணீரால்தான். கோயில் கடையில் வாங்கிய பெருமாள் படமானாலும் பழைய சினிமா சுவரொட்டியானாலும், பசை பட்டதும் தாள் விரிகிறது. அடியில் இருக்கும் பலகை அந்த அளவுக்கு விரிவதில்லை. கூடுதலாக வளர்ந்த தாளுக்குப் போக இடமில்லாமல் அது மேலே எழும்புகிறது. குமிழும் சுருக்கமும் இப்படித்தான் பிறக்கின்றன.

காகிதம் செல்லுலோஸ் நார்களின் பின்னல். நனைந்த நார் பருமனில் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். நீளத்தில் 1, 2 சதவீதம் கூடினாலே அதிகம். ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிவதால், எந்தத் தாளும் குறுக்குவாட்டில்தான் அதிகம் வளரும். நோட்டுத் தாளில் உள்ளங்கை அகலச் சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவினால், சில நொடிகளில் அது குழாயாகச் சுருளும். குழாயின் நீளவாக்கே நார் ஓடும் திசை.

ஆகவே தாள் வளர்ந்து முடிந்த பிறகு ஒட்டுவதே சரியான முறை. தாளின் பின்புறத்தில் பசையைச் சீராகத் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்குள் அது விரிந்து தளர்ந்துவிடும். பலகையிலும் மெல்லிய பூச்சு கொடுத்து, படத்தை ஓர் ஓரத்திலிருந்து மெல்லப் படியவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துணியால் நீவினால் காற்று வெளியேறும். அவசரப்பட்டு மேலே அழுத்தித் தேய்த்தால் நனைந்த தாள் கிழியும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படங்களின் சாயம் நீரில் கரையக்கூடும். அவற்றுக்கு முதலில் வார்னிஷ் ஸ்பிரே அடித்துக் காயவிட வேண்டும். லேசர் பிரிண்டுக்கு இந்தக் கவலை இல்லை.

காயும்போது எதிர்த் தொல்லை வரும். சுருங்கும் தாள் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். மெல்லிய அட்டையானால் வில்லாக வளைந்துவிடும். பின்பக்கத்திலும் அதே கனமுள்ள தாளை, நார்த்திசை மாறாமல் ஒட்டினால் இரு இழுப்பும் சமமாகிவிடும். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான்.

படத்தை ஒட்டி மேலே பூச்சு கொடுக்கும் இந்தக் கலைக்கு டெகூபாஜ் என்று பெயர். டெகூபாஜ் பசை என்று விற்பவற்றில் பெரும்பாலானவை நீர்த்த பாலிவினைல் அசிடேட் அல்லது அக்ரிலிக் பால்மங்கள். ஒட்டுவதற்கும் மேற்பூச்சுக்கும் ஒன்றே போதும். பாலிவினைல் அசிடேட்டை 1912-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்தார். நம் தச்சுப் பட்டறைகளுக்கு அது 1959 முதல் ஃபெவிகாலாக அறிமுகம். மூன்று பங்கு ஃபெவிகாலில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தாலும் வேலை நடக்கும். ஈரத்தில் பசையின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும். நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து, கண்ணாடிபோல் தெளிந்த படலமாகும். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்துவிடும்; முழுதாக இறுக நாலு வாரம் வரை ஆகலாம்.

பலகையில் ஒட்டும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியத்தைப் பலகைப் படம் என்றே சொல்வார்கள். முன்பு பலாப் பலகை, இப்போது பிளைவுட். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுண்ணாம்புக்கல் பொடியைக் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். இடையில் உள்ள துணி அந்த அசைவைத் தாங்கி, மேலிருக்கும் வண்ணம் விரிசல் விடாமல் காக்கிறது. சுவரொட்டி ஒட்டுகிறவர்களோ மைதாவைக் காய்ச்சி, பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் மயில்துத்தம் கலந்துகொள்வார்கள். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அது வேண்டாம்.

சென்னையின் தென்புறத்தில் பருவம் பார்த்தே இந்த வேலையில் இறங்க வேண்டும். அங்குள்ள திருநீர்மலை, ஏரியும் அடையாறும் சூழ்ந்த ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். பூச்சு காய நாளாகும், பிசுபிசுப்பு போகாது. கோடையில் வேறு சிக்கல். சுத்தமான பாலிவினைல் அசிடேட் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் பல்லாவரம், தாம்பரம் பக்கம் 40-ஐத் தொடுவது சாதாரணம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படங்கள் அப்போது முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். பின்பனிக்கால மாசி மாதமே ஒட்டும் வேலைக்குத் தோதானது. மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பிசுபிசுப்பு அடங்கும்.

எம்.டி.எஃப். பலகை வழவழப்பானது, விலையும் குறைவு. ஆனால் விளிம்பு வழியே நீர் புகுந்தால் உப்பிவிடும், மீண்டும் பழைய கனத்துக்கு வராது. 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த முடிச்சூர், மேற்குத் தாம்பரம் போன்ற பகுதிகளில் நான்கு விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூச்சு கொடுப்பது அவசியம்.

கோதுமை மாவுச்சத்துப் பசையை ஈரம் கொடுத்தால் தாளுக்குச் சேதமின்றிக் கழற்றலாம். ஆவணப் பாதுகாவலர்கள் அதை விரும்புவது இதனால்தான். பாலிவினைல் அசிடேட் காய்ந்தபின் அப்படி விட்டுக்கொடுக்காது. வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் தாத்தா பாட்டி புகைப்படத்தையோ பழைய பத்திரத்தையோ பலகையில் ஒட்டாதீர்கள். நகல் எடுத்து அதை ஒட்டுங்கள்.