அரை மாரத்தான் ஓடத் திட்டமா? பதக்கத்துக்கு முன் பார்க்க வேண்டியவை மாதம், காற்று, பாதை, கால வரம்பு

கொல்கத்தா: மழை ஓய்ந்து குளிர்காற்று வீசத் தொடங்கியதும் தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், டாகுரியா, லேக் மார்க்கெட் பகுதிகளில் விடியற்காலையில் ஓடுவோரின் எண்ணிக்கை கூடத் தொடங்குகிறது. தென்னிந்தியர்கள் நெடுங்காலமாக வசித்து வரும் லேக் மார்க்கெட்டை ஒட்டிய ரவீந்திர சரோவர் ஏரிப் பூங்கா, இப்பகுதி ஓட்டக்காரர்களின் முதன்மையான பயிற்சிக் களமாக உள்ளது. நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான காலமே இந்நகரின் ஓட்டப் பருவம்.

5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓடிப் பழகியவர்கள் அடுத்த இலக்காகப் பெரும்பாலும் அரை மாரத்தானைத் தேர்ந்தெடுக்கின்றனர். எந்தப் போட்டிக்குப் பதிவு செய்வது என்ற கேள்விக்கு, பதக்கத்தின் வடிவம், டி-ஷர்ட், விளம்பரம் ஆகியவற்றைப் பார்த்தே பலர் முடிவெடுக்கின்றனர். ஆனால் அந்த இரண்டு அல்லது மூன்று மணி நேரம் இனிய அனுபவமாக அமையுமா, வேதனையாக முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. போட்டி நடைபெறும் மாதம், அன்றைய காற்றின் தரம், பாதையின் தன்மை, கால வரம்பு, தொடக்க இடத்துக்குச் சென்று சேரும் வழி ஆகிய ஐந்தையும் பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே பரிசீலிப்பது அவசியம்.

தூரத்தில் குழப்பம் வேண்டாம்

அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் சர்வதேசத் தடகள அமைப்பால் நிலையான அளவாக ஏற்கப்பட்ட 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானின் சரிபாதி இது.

கொல்கத்தாவில் முதன்முறையாக நீண்ட தூரம் ஓட விரும்புவோர் இங்குதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நகரின் மிகப் பிரபலமான ஓட்டமான டாடா ஸ்டீல் உலக 25கே அரை மாரத்தான் அல்ல. 2014-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு ஆண்டுதோறும் டிசம்பரில் நடைபெறும் இப்போட்டியின் முதன்மைப் பிரிவு 25 கிலோமீட்டர் தூரம் கொண்டது. அதாவது, அரை மாரத்தானைவிட ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் அதிகம். ஒரு கிலோமீட்டரை 8 நிமிடங்களில் கடக்கும் ஒருவர், ஏற்கெனவே களைத்த கால்களுடன் மேலும் அரை மணி நேரம் ஓட வேண்டியிருக்கும்.

இப்போட்டியின் தரத்தில் ஐயமில்லை. உலகத் தடகள அமைப்பின் தங்கத் தர முத்திரை பெற்ற இந்த ஓட்டத்தில், 2023 டிசம்பரில் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 வினாடிகளிலும், எத்தியோப்பியாவின் சுதுமே அசெஃபா கெபெடே 1 மணி 18 நிமிடம் 47 வினாடிகளிலும் தூரத்தைக் கடந்து, 25 கிலோமீட்டர் ஓட்டத்தில் அதுவரை பதிவான உலகின் சிறந்த நேரங்களை முறியடித்தனர். ஆயினும், உலகத் தரமான போட்டி என்பதும் முதல் முயற்சிக்கு ஏற்ற போட்டி என்பதும் ஒன்றல்ல. முதல் ஆண்டில் இதன் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடிவிட்டு, அதே பருவத்தின் பிற்பகுதியில் ஓர் அரை மாரத்தானை மேற்கொள்வது படிப்படியான வழியாக அமையும்.

இதமான குளிர், கனத்த காற்று

கொல்கத்தாவில் ஓடுவோர் எதிர்கொள்ளும் முக்கியச் சிக்கல் பருவம் சார்ந்தது. மார்ச் மாதத்திலிருந்து வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் உயர்வதால் உடலின் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலராவிடில் உடல் வெப்பம் தணியாது. இதயத் துடிப்பு கூடும். வழக்கமான வேகம்கூடச் சுமையாகும். ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை மழைக்காலம். அதைத் தொடர்ந்து துர்கா பூஜை, காளி பூஜைக் கொண்டாட்டங்கள். எனவே நீண்ட தூர ஓட்டத்துக்கு எஞ்சுவது குளிர்காலமே. ஜனவரியில் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 14 டிகிரி செல்சியஸ் என்பது ஓட்டத்துக்கு மிகவும் ஏற்ற நிலையாகும்.

ஆனால் அதே மாதங்களில்தான் நகரின் காற்று மிக மோசமான நிலையை அடைகிறது. குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் அமைந்துவிடுகிறது. வாகனப் புகையும் சாலைப் புழுதியும் மேலெழ வழியின்றித் தரைமட்டத்திலேயே தேங்குகின்றன. பெரும்பாலான போட்டிகள் தொடங்கும் அதிகாலை நேரத்தில் இந்தத் தேக்கம் நீடிக்கிறது. ஓடும்போது மனிதர் உள்ளிழுக்கும் காற்றின் அளவு ஓய்வு நிலையைவிடப் பல மடங்கு கூடுகிறது. வாய் வழியாக மூச்சு விடுவதால் மூக்கின் இயற்கையான வடிகட்டலும் குறைகிறது.

ஜாதவ்பூர்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்கள் ஜாதவ்பூரிலும் ரவீந்திர சரோவரிலும், மைதான் பகுதிக்கு அருகே விக்டோரியா நினைவகத்திலும் இயங்குகின்றன. பயிற்சி செய்யும் இடத்தின் அளவையும், போட்டி நடைபெறும் இடத்தின் அளவையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம். குறியீடு 100 வரை இருந்தால் காற்று 'நன்று' அல்லது 'திருப்திகரம்'. 101 முதல் 200 வரை 'மிதமான மாசு'. 201 முதல் 300 வரை 'மோசம்'. 301 முதல் 400 வரை 'மிக மோசம்'. அதற்கு மேல் 'கடுமை' என வாரியம் வகைப்படுத்துகிறது.

'மோசம்' என்ற நிலையில் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும், 'மிக மோசம்' என்ற நிலையில் நீண்ட ஓட்டத்தை ஒத்திவைப்பதும் அறிவுடைமை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இத்தகைய நாள்களில் ஓடக் கூடாது.

டெல்லி தரும் பாடம்

மாதத்தை மாற்றுவதே தீர்வாக அமையும் என்பதற்கு டெல்லி அரை மாரத்தான் சான்றாக உள்ளது. 2005-இல் தொடங்கிய இப்போட்டி 2017-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி நடைபெறவிருந்த நிலையில், தலைநகரின் காற்று மாசைச் சுட்டிக்காட்டி அதை ஒத்திவைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவச் சங்கம் வலியுறுத்தியது. திட்டமிட்டபடி போட்டி நடந்தேறியபோதிலும், அடுத்த ஆண்டு அது அக்டோபர் 21-ஆம் தேதிக்கு முன்கூட்டியே நகர்த்தப்பட்டது.

கொல்கத்தாவில் அக்டோபரின் ஈரப்பதம் அதற்கு இடம் தருவதில்லை. எனினும், பிப்ரவரியில் காற்றின் வேகம் கூடக் கூட மாசு படிப்படியாகக் குறைவது வழக்கம். அதனால் டிசம்பர் இறுதி, ஜனவரி மாதப் போட்டிகளுடன் பிப்ரவரி மாதப் போட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. குளிர் சற்றுக் குறைந்தாலும் மூச்சுக்கு ஆறுதல் கிடைக்கக்கூடும்.

பாதை எப்படி இருக்கும்?

கொல்கத்தாவின் பெரிய ஓட்டங்களில் பல, மைதான் திறந்தவெளியை ஒட்டிய ரெட் ரோட்டில் தொடங்குகின்றன. இந்திரா காந்தி சரணி என்ற அதிகாரப்பூர்வப் பெயர் கொண்ட இச்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களுக்கான ஓடுபாதையாகவே பயன்படுத்தப்பட்டது. அந்த அளவுக்கு அகலமானது; சமமானது. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வை வலியுறுத்திக் கொல்கத்தா காவல்துறை நடத்தும் 'சேஃப் டிரைவ் சேவ் லைஃப்' அரை மாரத்தானும் இங்கிருந்து தொடங்கும் ஓட்டமாகும்.

மேடு பள்ளமற்ற பாதை முதல்முறை ஓடுவோருக்குச் சாதகமானது. அதே வேளையில், ஒரே சாலையில் இரண்டு மூன்று முறை சுற்றிவரும் பாதை சிலருக்குச் சலிப்பைத் தரும். வேறு சிலருக்கோ, குடிநீர் நிலையமும் உற்சாகப்படுத்தும் குடும்பத்தினரும் மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது ஊக்கமளிக்கும். மேம்பாலங்கள் எத்தனை, எத்தனை சுற்றுகள், போக்குவரத்து முழுமையாக நிறுத்தப்படுமா, குடிநீர் நிலையங்கள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று ஆகிய விவரங்கள் பாதை வரைபடத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தையே வெளியிடாத போட்டியைத் தவிர்ப்பது பாதுகாப்பானது.

தூரம் முறைப்படி அளக்கப்பட்டதா என்பதும் முக்கியம். அங்கீகரிக்கப்பட்ட பாதைகள், அளவு சரிபார்க்கப்பட்ட மிதிவண்டியைக் கொண்டு அளக்கப்படுகின்றன. தூரம் குறைந்துவிடாமல் இருக்க 0.1 சதவீதம், அதாவது அரை மாரத்தானில் சுமார் 21 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் கருவி காட்டும் சிறு வேறுபாட்டைக் கொண்டு பாதை தவறு என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. வளைவுகளில் வெளிப்புறமாக ஓடினாலே தூரம் கூடிவிடும்.

கால வரம்பைக் கணக்கிடும் முறை

மகிழ்ச்சியைக் கெடுப்பதில் கால வரம்புக்குப் பெரும் பங்கு உண்டு. குறித்த நேரம் முடிந்ததும் சாலைகள் திறந்துவிடப்படும். குடிநீர் நிலையங்கள் அகற்றப்படும். மெதுவாக ஓடுபவர் வாகனங்களுக்கு இடையே தனித்து விடப்படுவார். 3 மணி நேர வரம்பு என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 8 நிமிடம் 32 வினாடிகளுக்குள் ஓட வேண்டும். வரம்பு மூன்றரை மணி நேரமானால் 9 நிமிடம் 57 வினாடிகள் கிடைக்கும்.

தமக்கு எது பொருந்தும் என்பதை அறிய ஒரு கணக்கு உதவுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, 10 கிலோமீட்டர் ஓட ஆகும் நேரத்தை ஏறத்தாழ 2.2 ஆல் பெருக்கினால் அரை மாரத்தானுக்கான உத்தேச நேரம் கிடைக்கும். 10 கிலோமீட்டரை 75 நிமிடங்களில் கடப்பவருக்குச் சுமார் 2 மணி 45 நிமிடங்கள் ஆகும். 90 நிமிடங்கள் எடுப்பவருக்கு 3 மணி 18 நிமிடங்கள் தேவைப்படும். அவர் 3 மணி நேர வரம்புள்ள போட்டியில் பதிவு செய்தால் தொடக்கம் முதலே கடிகாரத்துக்கு அஞ்சி ஓட வேண்டியிருக்கும். நீண்ட ஓட்டங்களில் போதிய பயிற்சி பெற்றவருக்கே இக்கணக்கு பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.

உள்ளூரா, வெளியூரா?

ஜாதவ்பூரிலிருந்து ரெட் ரோடு 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான் உள்ளது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ ரயில் சேவை வாரநாள்களைவிடத் தாமதமாகவே தொடங்கும் என்பதால், விடியற்காலைத் தொடக்கத்துக்கு அதை நம்ப இயலாது. வாடகைக் கார் அல்லது நண்பர்களின் வாகனத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வழக்கமான படுக்கை, வீட்டு உணவு, பழகிய தட்பவெப்பம் ஆகியவை உள்ளூர்ப் போட்டியின் பெரும் பலம்.

வெளியூர்ப் போட்டிகளை விரும்புவோருக்கும் வாய்ப்புகள் பல. ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தான், டிசம்பரில் நடைபெறும் கோயம்புத்தூர் மாரத்தான் ஆகியவற்றில் அரை மாரத்தான் பிரிவுகள் உள்ளன. மேற்கு வங்கத்தில் படிக்கும் அல்லது பணிபுரியும் தமிழர்கள் விடுமுறைப் பயணத்துடன் இவற்றை இணைத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் நடைபெறும் ஆரோவில் மாரத்தான், போட்டியுணர்வைவிட ஓடும் மகிழ்ச்சியையே முன்னிறுத்துவது. மரங்கள் அடர்ந்த செம்மண் பாதைகளில் அமைவது. வேகத்தைப் பற்றிய கவலையின்றி ஓட நினைப்போருக்கு இது ஏற்றது.

மாறாக, மகாராஷ்டிரத்தின் சதாரா மலை அரை மாரத்தானும், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் செப்டம்பரில் நடைபெறும் லடாக் மாரத்தானும் அனுபவம் மிக்கவர்களுக்கே உரியவை. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள கொல்கத்தாவில் பயிற்சி பெற்றவர், லே நகரின் குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழகப் பல நாள்கள் முன்னதாகவே அங்குச் சென்று தங்க வேண்டும். எங்குச் செல்வதானாலும், ஹவுரா–சென்னை போன்ற ஒரு நாளுக்கும் மேற்பட்ட ரயில் பயணத்தை முடித்த மறுநாள் காலையிலேயே ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

போட்டி நாளுக்கு முன் குறைந்தது 12 வாரங்கள் உள்ளனவா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வார இறுதி நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி 16 முதல் 18 கிலோமீட்டரை எட்டிய பின் போட்டியில் இறங்குவதே முறை. ஆம்புலன்ஸ், மருத்துவர்கள், முதலுதவி நிலையங்கள் உள்ளனவா, உடல்நலக் குறைவு ஏற்பட்டால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற இயலுமா, காற்று மாசு காரணமாகப் போட்டி ஒத்திவைக்கப்பட்டால் கட்டணம் என்னவாகும் ஆகிய கேள்விகளுக்கு அமைப்பாளரிடமிருந்து தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

பதிவு செய்த பின்னரும், போட்டி நாளன்று காலை காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தால் தொடக்கக் கோட்டுக்குச் செல்லாமல் இருப்பதே சரியான முடிவு. செலுத்திய கட்டணம் ஒருமுறை இழப்பு மட்டுமே. கொல்கத்தாவின் ஓட்டப் பருவமோ ஆண்டுதோறும் திரும்பி வரும்.