உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க்கில் அழிந்ததும் அழியாததும்

● கணினியின் குப்பைத் தொட்டியைக் காலி செய்த பிறகும், அதிலிருந்த கோப்பு ஹார்டு டிஸ்க்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ‘இந்த இடம் காலி’ என்று குறிப்புதான் மாறுகிறது. பழைய ஃபேட் முறையில் பெயரின் முதல் எழுத்து மட்டும் அழியும். அதனால்தான் 1991இல் வந்த எம்.எஸ். டாஸ் 5இன் ‘அன்டெலீட்’ கட்டளை, அந்த முதல் எழுத்து என்னவென்று நம்மிடமே கேட்டது!

● பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றப் போய், பக்கத்தில் செருகியிருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டால்? எல்லாம் போய்விட்டதுபோலத்தான் காட்டும். ஆனால் ஏற்றியது 2 ஜிபி என்றால், ஓவர்ரைட் ஆனது முதல் 2 ஜிபி மட்டுமே. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கில் கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் பதிந்த எம்.எஃப்.டி. அட்டவணையை விண்டோஸ் பெரும்பாலும் 3 ஜிபி தள்ளித்தான் தொடங்குகிறது. பூட் செக்டருக்குப் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் ஒரு நகலும் உண்டு. இவை தப்பியிருந்தால், ‘டெஸ்ட்டிஸ்க்’ என்ற இலவச மென்பொருளால் பழைய ஃபோல்டர்களை அதே பெயர்களோடு பார்க்க முடியும்.

● அந்த நேரத்தில் விண்டோஸ், ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லி, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மீட்டெடுப்பதையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். பழைய டிஸ்க்கிலேயே சேமித்தால், மீட்ட ஒரு படம் மீட்காத இன்னொன்றின் மேல் போய் உட்காரும்.

● அட்டவணையும் போய்விட்டதா? ‘போட்டோரெக்’ என்ற மென்பொருள் டிஸ்க்கை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று மூன்று பைட்டுகள் தொடர்ந்து வந்தால், அங்கே ஒரு ஜேபெக் படம் தொடங்குகிறது என்று பிடித்துக்கொள்ளும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் வந்துவிடும். வைத்த பெயர்கள் வராது, வெறும் எண்கள்தான். சிதறிக் கிடந்த பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும்.

● 2003இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்கலத்தின் ஹார்டு டிஸ்க் ஒன்று கருகிய நிலையில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தரவுகளை மீட்டார்கள். அதிலிருந்த செனான் வாயு ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளியாயின. தீயில் தப்பலாம், மேலே வேறொன்று எழுதப்பட்டால் தப்ப வழியில்லை. நவீன காந்த டிஸ்க்கில் ஒரே ஒரு முறை பூஜ்ஜியங்களால் நிரப்பினாலே போதும், ஆய்வகக் கருவிகளும் பொதுவாகக் கைவிரித்துவிடும்.

● எஸ்.எஸ்.டி.யில் கதையே வேறு. கோப்பை நீக்கியதும் ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று சொல்லும் ‘டிரிம்’ கட்டளை பெரும்பாலும் அதற்குப் போய்விடும், எஸ்.எஸ்.டி. அந்த இடத்தைத் தானாகவே துடைக்கத் தொடங்கிவிடும். எந்த மென்பொருளைத் தரவிறக்கலாம் என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்திருக்கலாம்.