சுவருக்கு அப்பாலும் ஒரு வீடு

கண்டி நகரின் பழைய வீதிகளில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரே சுவர். அத்தகைய வீடொன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? தொழிற்சாலைப் பாணியில் திருத்துவோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களா? சாந்தை உரித்துச் செங்கல்லைக் காட்டுவது, இரும்பு உத்திரம் போடுவது, மின்குழாய்களை மறைக்காமல் விடுவது, இவையே அந்தப் பாணி. தாராளமாகச் செய்யலாம். ஆனால் சுத்தியலை எடுக்குமுன் சற்று யோசியுங்கள்.

முதலில் உண்மையான தொழிற்சாலையொன்றைப் பாருங்கள். ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக இருக்கிறது. மேல்மாடிகளில் ஏன் இத்தனை யன்னல்கள்? கொழுந்து வாடக் காற்று வேண்டும். கனத்த இயந்திரங்கள் ஏன் கீழ்த்தளத்தில்? மாடி அதிரக் கூடாது. அங்கே எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதையே.

ஒட்டு வீட்டின் பெருங்குறை இருட்டு. கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். வானம் தெரியும் சிறு முற்றங்களே அதற்கு வெளிச்சம் தந்தன. இரும்புக்குச் செலவழிக்குமுன் வெளிச்சத்துக்குச் செலவழியுங்கள்.

அடுத்தது சுவர். பழைய செங்கல் பெரும்பாலும் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்தே அதற்குப் போர்வை. அதை உரித்தால் சாரல் படும் பக்கம் கல் உதிரும். சீமெந்து பூசினாலோ ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். ஆகவே, வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவரொன்றில் மட்டும் கல்லைக் காட்டுங்கள்; மற்றவை சுண்ணாம்போடு இருக்கட்டும். கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் வெட்டாதீர்கள், துளைக்காதீர்கள். அதன் தூசி பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயைத் தரக்கூடியது. பழகியவர்களைக் கொண்டு நனைத்து, முழுத் தகடாகவே இறக்குங்கள்.

கண்டிப் புனித நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வீட்டு முகப்பைத் தொடுமுன் மாநகர சபையில் விசாரியுங்கள்.

கடைசியாக, பொதுச்சுவரில் உத்திரம் ஏற்றப்போகிறீர்கள். அயலவர் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அந்த உரிமையை நினைவில் வைக்கும் நாம், அவர் சுவர் வெடிக்காமல் காக்கும் கடமையை மறக்கலாமா? பொறியியலாளரை அழைத்துக்கொண்டு முதலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நம் சுத்தியல் விழும் இடத்துக்கு அப்பால் ஒரு முதிய தாய் நோயோடு படுத்திருக்கலாம்.