தொப்புள்கொடி விழும் நாள்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ஓரிரு வாரங்களில் விழுந்துவிடும். பார்ப்பதற்குத் தானாகக் காய்ந்து உதிர்வதுபோலத் தெரிந்தாலும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கொடியின் அடியில் புகுந்து திசுவைக் கரைப்பதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான்கு வாரமாகியும் கொடி விழாமல், தொப்புள் சிவந்து புண்ணாகியும் சீழ் மட்டும் பிடிக்காமல் இருந்தால், அந்தக் குழந்தையின் வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாமல் தவிக்கின்றனவோ என்று சந்தேகிக்க வேண்டும். சீழ் என்பதே புண்ணுக்கு வந்து சேர்ந்து மடிந்த வெள்ளணுக்கள்தானே.

காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்தில் நீரோட்டத்தோடு வரும் படகு முதலில் வேகம் தணிய வேண்டும், பிறகுதான் கரையில் கட்ட முடியும். வெள்ளணுவும் அப்படித்தான். கிருமி புகுந்த இடத்தில் இரத்தக் குழாயின் உட்சுவர் செலக்டின் என்ற புரதங்களை நீட்டுகிறது. அவற்றில் பட்டுப்பட்டு உருளும் அணுவுக்குச் சுவரிலுள்ள வேதிச் சமிக்ஞை எட்டியதும், அதன் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டக்ரின் புரதங்கள் நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றுகின்றன. இந்த இன்டக்ரின்களின் ஒரு பாகத்தை உருவாக்கும் மரபணு பழுதானால் பற்றுதல் நடக்காது. அணுக்கள் இரத்தத்திலேயே தேங்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சில குழந்தைகளிடம் ஒரு லட்சத்தைக்கூடத் தொடும்.

பிடிதான் இவ்வளவு முக்கியம் என்றால் எப்போதும் பிடித்தபடியே இருந்தால் என்ன? இருந்தால் இரத்த ஓட்டமே தடைப்படும். டி அணு என்ற வெள்ளணு வகையின் ஏற்பியைத் தூண்டினால் இன்டக்ரினின் பிடி சில நிமிடங்களில் இறுகி, பிறகு தானே தளர்கிறது என்று மைக்கேல் டஸ்டினும் திமோத்தி ஸ்பிரிங்கரும் 1989இல் காட்டினார்கள். பிடியைத் தடுப்பதும் ஆபத்துதான். நரம்பு நோய்க்காக இன்டக்ரினை அடைக்கும் நாட்டாலிசுமாப் மருந்து 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் வைரஸ் தொற்று சிலருக்கு வந்ததால் 2005இல் விற்பனை நிறுத்தப்பட்டு, 2006இல் கடும் கண்காணிப்போடு திரும்பியது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஒட்டுவதில்தான் உடலின் காவல் இருக்கிறது.

வெள்ளணுக்கள் பற்ற முடியாத இவ்வளவு அரிய நோய்க்காகக் காரைக்கால் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமானவர்கள் என்பதும் உண்மை. கிருமிநாசினி தடவினாலே சில நாள் தள்ளிப்போகும். ஆனால் இந்த வெள்ளணு நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும். மாமன் மகளையும் அக்கா மகளையும் மணக்கும் வழக்கம் இன்னும் மறையாத காவிரி டெல்டாவில் அந்த வாய்ப்பு கூடுகிறது. முதல் சந்தேகத்தைத் தீர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சாதாரண இரத்த அணு எண்ணிக்கை போதும். அதில் வெள்ளணு மிகுந்திருந்தால்தான், அணுக்களின் மேற்பரப்பில் இன்டக்ரின் இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கடுமையான வகையில், மஜ்ஜை மாற்று கிடைக்காத குழந்தைகள் பலர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். அந்தச் சிகிச்சை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே நடக்கிறது. குழந்தை அங்கே போய்ச் சேருவதற்குள் தொற்று முந்திக்கொள்வதுதான் சோகம். ஆறாம் வாரத் தடுப்பூசிக்குக் கூட்டி வரும்போது, "கொடி என்றைக்கு விழுந்தது?" என்று செவிலியர் தாயிடம் கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது.