பிரிய மறுக்கும் ஜோடி

சோலார் செல் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, "ஒளி பட்டதும் எலக்ட்ரான் ஓடும், அதான் கரண்ட்"னு சொல்லிட்டுப் போயிடுவோம். சிலிக்கானுக்கு அது ஏறக்குறைய சரி. சாயம், பாலிமர் மாதிரியான கரிமப் பொருட்களில் கதையே வேறு.

ஒளி பட்டு எலக்ட்ரான் எழும்பும்போது, அது விட்டுப்போன காலி இடம் நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சிலிக்கானில் இந்தப் பிடிப்பு சுமார் 15 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்திலேயே சுமார் 25 இருப்பதால் ஜோடி தானாகப் பிரிந்துவிடும். கரிமப் பொருளில் பிடிப்பு பொதுவாக 300-க்கும் மேல். வெப்பத்தால் ஒண்ணும் பண்ண முடியாது. பிரியாமல் சேர்ந்தே திரியும் இந்த ஜோடிதான் எக்சிட்டான்.

அப்போ யார் பிரிப்பது? 1986-ல் கோடாக்கில் (ஆமாம், ஃபிலிம் ரோல் கோடாக்தான்) சிங் டாங் இரண்டு வேறு வேறு கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். இரண்டும் தொடும் எல்லைக்கு வந்து சேர்ந்த எக்சிட்டான் உடைந்தது. திறன் சுமார் 1%.

ஏன் அவ்வளவு கம்மி? எக்சிட்டான் தன் சொற்ப ஆயுளில் 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் நகரும். ஒளியை ஒழுங்காக உறிஞ்சவோ 100 நானோமீட்டராவது தடிமன் வேண்டும். மெல்லிசா போட்டா ஒளி தப்பிச்சிடும். தடிமனா போட்டா எக்சிட்டான் வழியிலேயே செத்துடும்.

1991-ல் லோசானில் ஓரீகனும் கிரேட்செலும் இந்த நடையையே ஒழித்தார்கள்: டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகள்களின் மேல் ஒற்றை மூலக்கூறு தடிமனில் சாயம். பிறந்த இடமே எல்லை. திறன் 7%-ஐத் தாண்டியது. 1995-ல் சாண்டா பார்பராவில் ஹீகர் குழு செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். அடுக்கி வைக்காமல், பாலிமரையும் ஃபுல்லரீனையும் ஒரே கரைசலில் கலந்து பூசிவிட்டார்கள். பருப்புச் சாதம் பிசைகிற மாதிரி! எக்சிட்டான் எங்கே பிறந்தாலும் பக்கத்திலேயே எல்லை. ஆனால் ரொம்பப் பிசைந்தாலும் வம்பு: பிரிந்த எலக்ட்ரான் வெளியேறத் தொடர்ச்சியான பாதை இருக்காது. அந்தப் பதத்துக்காகக் கரைப்பானை மாற்று, சூடாக்கிப் பார் என்று பல வருடம் போராடினார்கள். நம்ம ஊர் டீபக்கிங் மாதிரியே இருக்கு.

2019-ல் ஃபுல்லரீனுக்குப் பதிலாக Y6 என்ற சீன மூலக்கூறு வந்ததும் திறன் 15%-ஐத் தாண்டியது. ஆனாலும் கூரைகளில் இருப்பது சிலிக்கான்தான்.

டாங் 1987-ல் வான் ஸ்லைக்கோடு சேர்ந்து இதையே தலைகீழாக ஓட்டினார்: மின்சாரம் கொடுத்து எக்சிட்டானை உருவாக்கி, அது அழியும்போது ஒளியை வாங்கினார். பிரியாமல் இருப்பது அங்கே வசதிதான். நீங்கள் இதை ஓஎல்இடி திரையுள்ள போனில் படித்தால், பார்ப்பது அந்த ஒளியைத்தான்.